முகப்பில் வந்த பிள்ளை

அந்தக் குளிர்காலம் முழுவதும் நான் பழைய வீடியோ கசெட்டுகளைக் கணினிக்கு மாற்றிக்கொண்டிருந்தேன். ஜேர்மனியின் எர்லாங்கன் நகரில் எங்கள் வீட்டு நிலக்கீழ் அறையில் இரண்டு பெட்டி நிறையக் கசெட்டுகள் கிடந்தன. எல்லாம் நானே எடுத்தவை. பேர்லினில் தொழிற்பயிற்சி செய்த காலத்தில் முதல் சம்பளங்களைச் சேர்த்து ஒரு வீடியோக் கமரா வாங்கியிருந்தேன். அதன்பிறகு அந்த நகரின் நொய்கெல்ன் பக்கம் எந்தத் தமிழ் வீட்டில் பிறந்தநாள் நடந்தாலும், எந்த மண்டபத்தில் விழா நடந்தாலும் தோளில் கமராவோடு நான் நிற்பேன். யாரும் கூலி தந்ததில்லை, நானும் கேட்டதில்லை. சாப்பாடு தந்தார்கள். பிறகு வேலை கிடைத்து எர்லாங்கனுக்கு வந்தபோது கசெட்டுகளும் என்னோடு வந்தன.

ஒரு கசெட்டை மாற்றுவதற்கு அது ஓடி முடியும் நேரம் முழுவதும் வேண்டும். பழைய பிளேயர் ஒன்றைத் தேடி வாங்கி, கணினியோடு இணைத்து, கசெட்டைப் போட்டு ஓடவிட்டு நான் என் வேலையைப் பார்க்கப் போய்விடுவேன். முடிந்ததும் அடுத்ததைப் போடுவேன். எதையும் நான் உட்கார்ந்து பார்க்கவில்லை. அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பின்னால் நடந்ததெல்லாம் அதிலிருந்துதான் வந்தது.

மாற்றியவற்றை வெறுமனே ஒரு வட்டில் போட்டு மூடிவைக்க எனக்கு மனம் வரவில்லை. சாமான் அறையில் ஒரு சின்னக் கணினியை எந்நேரமும் ஓடும்படி வைத்தேன். இலவசமாகக் கிடைக்கும் ஒரு மென்பொருளை அதில் நிறுவினேன். நாம் போட்டுவைத்த படங்களை அது வரிசையாக அடுக்கி, தொலைக்காட்சி, கைத்தொலைபேசி, டப்லெட் என்று எதிலிருந்தும் இணையம் வழியாகப் பார்க்க வைக்கும். பார்ப்பவர் தன் கருவியில் அதற்குரிய செயலியை இறக்கி, என் சேர்வரின், அதாவது அந்தக் கணினியின், முகவரியையும், நான் கொடுக்கும் பெயரையும் கடவுச்சொல்லையும் தட்டினால் போதும்.

அது சொல்வதற்குச் சுலபம். முதல் சில வாரங்கள் என் மனைவியின் தொலைபேசியில் படம் வந்தது, சத்தம் வரவில்லை. எங்கள் தொலைக்காட்சியில் சத்தம் வந்தது, படம் வரவில்லை. கனடாவில் இருந்த ஒரு நண்பனுக்கு இரண்டும் வந்தன, ஆனால் ஒரு நிமிடத்துக்கொரு முறை எல்லாம் நின்று வட்டம் சுற்றியது. நான் வேலை செய்யும் இடத்திலும் இதுதான் என் தொழில். ஒரு கருவி ஏன் வேலை செய்யவில்லை என்று கண்டுபிடிப்பது. ஆகவே வீட்டிலும் அதே வெறியோடு உட்கார்ந்தேன். ஒவ்வொரு கருவிக்கும் எந்த வடிவம் ஒத்துப்போகும், எதை இடையில் மாற்றி அனுப்ப வேண்டும் என்று ஒவ்வொன்றாகப் பிடித்தேன். பிழை ஒன்று தீர்ந்தால் அன்றைக்கு எனக்குச் சாப்பாடு கூடுதலாக இறங்கும்.

எல்லாம் சீரானதும் ஆட்களைச் சேர்க்கத் தொடங்கினேன். முதல் ஆட்களில் ஒருவர் அக்கா.

அக்கா என்று நான் சொல்வது கூடப்பிறந்தவரை அல்ல. பதினாறு வயதில் நான் தனியாகப் பேர்லினுக்கு வந்து சேர்ந்தபோது, நான் தங்கிய அறைக்குக் கீழ்த்தட்டில் குடியிருந்தவர். அவருடைய கணவரை அண்ணை என்பேன். அண்ணை ஓர் உணவகத்தின் சமையலறையில் நின்றார். அக்கா அலுவலகங்களைத் துப்புரவு செய்யப் போனார். எனக்கு டொச் மொழி விளங்காத காலத்தில் குடிவரவு அலுவலகத்துக்குக் கூட்டிப்போனவரும், காய்ச்சல் வந்தால் கஞ்சி வைத்துத் தந்தவரும் அவர்தான். அவர்களுக்கு ஒரே மகன். நான் வந்தபோது அவன் பிறக்கவில்லை. பிறந்த பிறகு பாதி நேரம் என் தோளில்தான் இருந்தான்.

நான் கசெட்டுகளை மாற்றத் தொடங்குவதற்கு ஆறு வருடம் முன்பு, பத்தொன்பது வயதில், அவன் இறந்துபோனான். வேலை செய்த இடத்தில் மயங்கி விழுந்தான். இதயத்தில் பிறவியிலிருந்தே ஒரு குறை இருந்திருக்கிறது, யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. செத்தவீட்டுக்கு நான் போயிருந்தேன். அது முடிந்த கையோடு அண்ணை வீட்டிலிருந்த அவனுடைய படங்களையெல்லாம் கழற்றி எடுத்துவிட்டார். வரவேற்பறைச் சுவரில் ஒரு பெரிய மணிக்கூடும் கோயில் கலண்டரும் மட்டும் மிஞ்சின. அவர்களுக்கு முன்னால் அவனுடைய பெயரை யாரும் எடுப்பதில்லை. யாரும் அப்படிச் சொல்லி வைக்கவில்லை, தானாகவே அப்படி ஆகிவிட்டது. நானும் எடுத்ததில்லை.

கசெட்டுகளை மாற்றிய அந்தக் குளிர்காலம் முடிந்து வசந்தம் தொடங்கும்போது ஒரு பயிற்சிக்காகப் பேர்லின் போயிருந்தேன். அக்கா வீட்டில் சாப்பிட்டேன். கசெட்டுகளைப் பற்றிச் சொன்னதும், தன்னுடைய தம்பியின் கலியாணக் கசெட் என்னிடம் இருக்கிறதா என்று அக்கா கேட்டார். இருந்தது. சாப்பிட்டு முடித்ததும் அவர்களுடைய தொலைக்காட்சியில் செயலியை இறக்கி, ஒரு கணக்கு உருவாக்கி, தம்பியின் கலியாணத்தைப் போட்டுக் காட்டினேன். இரண்டு பேரும் சோபாவில் பக்கத்துப் பக்கத்தில் இருந்து பார்த்தார்கள். அந்த நாளில் தனக்கு எவ்வளவு தலைமுடி இருந்தது என்று அண்ணை சிரித்தார். எனக்கும் பெருமையாக இருந்தது.

அந்தக் கணக்கை உருவாக்கும்போது, இவர் எந்தெந்தக் கோப்புறைகளைப் பார்க்கலாம் என்று மென்பொருள் கேட்டது. ஒவ்வொன்றாகத் தெரிவு செய்யலாம். அல்லது எல்லாம் என்று ஒரே பெட்டியில் சரி போடலாம். நான் எல்லாம் என்று போட்டேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். புதிதாக ஒரு படம் சேர்ந்தால் அந்த மென்பொருள் அதை எல்லோருடைய முகப்புத்திரையிலும் முதல் வரிசையில் கொண்டுவந்து வைக்கும். அதற்கு ஒரு முகப்புப் படத்தையும் வீடியோவுக்குள்ளிருந்து தானே தேர்ந்தெடுக்கும். எந்தக் காட்சியை எடுக்கும் என்று நமக்குத் தெரியாது. ஒரு பிறந்தநாளுக்குக் கேக்கை எடுக்கும், இன்னொன்றுக்கு யாரோ ஒருவருடைய முதுகை எடுக்கும். எங்கள் வீட்டில் அதைப் பார்த்துச் சிரிப்போம்.

வேலைத்தலத்தில் மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு நாள் அண்ணை அழைத்தார். அவர் எனக்குத் தானாக அழைப்பதே அரிது. சுகம் விசாரித்தார், பிள்ளைகளைக் கேட்டார்.

"தம்பி, உந்தப் படத்தை எடுத்துவிடும்," என்றார். "அவள் ரீவியைப் போட்டுட்டு அதுக்கு முன்னால இருக்கிறாள். ஒரு பொத்தானையும் அமத்திறாளும் இல்லை. சும்மா இருக்கிறாள். எனக்கு ஏலாது."

எந்தப் படம் என்று கேட்டேன். அவர் சொல்லவில்லை. பாரும் என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

கன்ரீனுக்கு வெளியே வந்து, சைக்கிள் நிறுத்தும் இடத்தில் நின்று தொலைபேசியில் செயலியைத் திறந்தேன். முதல் வரிசையில், புதிதாகச் சேர்ந்தவற்றில் முதலாவதாக, அவன் இருந்தான். ஏழு வயது இருக்கும். வேட்டி, நெற்றியில் வீபூதி, முன்பல் ஒன்று இல்லை. நேரே கமராவைப் பார்த்துக்கொண்டிருந்தான். கீழே பொங்கல் விழா என்று நான் கொடுத்த பெயர். அந்தக் கசெட்டின் முதுகில் அவ்வளவுதான் எழுதியிருந்தது.

என் தொலைபேசியில் அது கட்டைவிரல் அளவு. அவர்களுடைய தொலைக்காட்சியில் எவ்வளவு பெரிதாக வந்திருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். வீட்டுச் சுவரில் ஒரு படம் கூட வைக்காதவர்களின் வரவேற்பறைக்குள், யாரையும் கேட்காமல், நானூறு கிலோமீற்றருக்கு அப்பால் இருந்து நான் அவனை அனுப்பியிருக்கிறேன். அதை ஏற்றிவிட்டு நான் முகப்பைத் திறந்துகூடப் பார்க்கவில்லை, பல நாட்களாக அது அங்கே இருந்திருக்கிறது. அண்ணை பொறுத்துப் பொறுத்துப் பார்த்திருக்கிறார்.

அங்கேயே நின்று அந்தக் கோப்பை நீக்கினேன். அரை நிமிடம் கூட ஆகவில்லை. எடுத்துவிட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள் என்று அண்ணைக்குச் செய்தி அனுப்பினேன். நன்றி தம்பி என்று பதில் வந்தது. குற்றம் செய்தேன், ஆனால் உடனே சரிசெய்துவிட்டேன் என்று அன்று பின்னேரம் முழுவதும் என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா அழைத்தார். பின்னால் வாகன இரைச்சல் கேட்டது. வீட்டுக்கு வெளியே நின்று பேசுகிறார் என்று விளங்கியது.

"பிள்ளையை எங்க கொண்டுபோய் விட்டனி?" என்று கேட்டார்.

அண்ணை சொன்னதை அவரிடம் சொல்வதா என்று தெரியவில்லை. சேர்வரில் ஏதோ கோளாறு அக்கா, சில படங்கள் போய்விட்டன என்றேன். பொய்தான். அக்கா அதை நம்பினாரா தெரியாது. மெல்லக் கதைத்தார். தான் அதை ஓடவிடவில்லை என்றார். பொத்தானை அமத்தினால் அவன் அசைவான், கதைப்பான், அதற்குத் தன்னால் முடியாது. ஆனால் வேலையால் வந்து தொலைக்காட்சியைப் போட்டால் அவன் முதலில் வந்து நிற்பான். அதைப் பார்த்துவிட்டுத்தான் தேத்தண்ணீர் வைக்கப் போவாராம்.

"வீட்டில ஒரு படமும் இல்லைத் தம்பி. அவருக்குத் தாங்காது எண்டு நானும் ஒண்டும் சொல்லுறேல்லை. அது தானா வந்தது. அவர் ஒண்டும் சொல்லேல்லை, நானும் ஒண்டும் சொல்லேல்லை. திருப்பி வரப் பண்ணுவியா?"

பண்ணுகிறேன் என்றேன். அண்ணைக்குச் சொல்லவேண்டாம் என்று அவர் கேட்டார். சொல்லமாட்டேன் என்றேன். தொலைபேசியை வைத்த பிறகுதான் என் நிலைமை எனக்கு உறைத்தது. ஒரே வீட்டுக்குள் இரண்டு பேருக்கும் இரண்டு வாக்குக் கொடுத்திருந்தேன்.

கசெட் கையில் இருந்தபடியால் திரும்பவும் மாற்றி ஏற்றுவது பெரிய வேலையில்லை. ஆனால் இந்த முறை மென்பொருள் மேடைத் திரைச்சீலையை முகப்புப் படமாக எடுத்தது. புதுப்பிக்கச் சொன்னேன். பொங்கல் பானையை எடுத்தது. இன்னொருமுறை சொன்னேன். யாரோ ஒரு மாமாவின் மொட்டைத்தலை வந்தது. அக்கா கேட்ட படம் எனக்கே நினைவில்தான் இருந்தது. கையால் தேடி எடுத்து வைப்பதைத் தவிர வழியில்லை. ஆகவே அந்தக் கசெட்டை முதல்முறையாக உட்கார்ந்து பார்த்தேன்.

மண்டபத்தில் நாற்காலி இழுக்கும் சத்தம், ஒலிவாங்கி கீச்சிடும் சத்தம், குழந்தைகளின் கத்தல். அவன் மேடையில் ஏறி ஏதோ பாடமாக்கியதைச் சொல்லத் தொடங்கி, நடுவில் நின்று, வாயைப் பொத்திக்கொண்டு, பிறகு மீதியைச் சொல்லி முடித்து இறங்குகிறான். இறங்கி ஓரமாகப் போகும்போது கமராவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறது. அவன் திரும்பிப் பார்க்கிறான். அந்தக் கணம்தான் அந்தப் படம். கூப்பிட்டது நான். அந்தக் குரலுக்கு அப்போது இருபத்தைந்து வயது கூட இல்லை. அக்கா ஒவ்வொரு நாளும் வேலையால் வந்து பார்த்த அந்தப் பார்வை என்னைப் பார்த்த பார்வை. அதையும் நான் அபகரித்துவிட்டதைப் போலக் கூசிப்போனேன்.

அந்தக் காட்சியை நிறுத்தி, படமாக வெட்டி, முகப்பில் வைத்தேன். பிறகு இரண்டு வாக்கையும் எப்படிக் காப்பாற்றுவது என்று யோசித்தேன். எனக்குத் தெரிந்த வழி ஒன்றே ஒன்று. தொலைக்காட்சியில் இருக்கும் கணக்கிலிருந்து அந்தக் கோப்புறையை மறைத்தேன். அக்காவுக்கு மட்டும் தனியாக இன்னொரு கணக்கு உருவாக்கி, அதில் அதைக் காட்டினேன். அக்காவிடம் ஒரு பழைய டப்லெட் இருந்தது. அதில் அதை நிறுவுவதற்கு மூன்று தடவை தொலைபேசியில் கதைக்க வேண்டியிருந்தது. அண்ணை வேலையில் இருக்கும் நேரமாகப் பார்த்து அக்கா அழைப்பார். சேர்வரின் முகவரியில் வரும் இரட்டைப்புள்ளியை எப்படித் தட்டுவது என்பதிலேயே முதல் நாள் போனது. மேலே ஒன்று கீழே ஒன்று, அக்கா, ஒன்றின் தலையில் ஒன்று என்றேன். அக்கா அதை இரண்டு முற்றுப்புள்ளியாகவே தட்டிக்கொண்டிருந்தார். கடைசியில் அது திறந்தது. "வந்திட்டான்," என்றார் அக்கா.

பிரச்சினை தீர்ந்துவிட்டது என்று நான் நினைத்தேன். உண்மையில் என் புத்திசாலித்தனத்தில் எனக்கே ஒரு மகிழ்ச்சி. ஒரே சேர்வர், இரண்டு கணக்கு, யாருக்கும் நோவு இல்லை.

கோடை முடியும் நேரத்தில் ஒரே நாளில் இரண்டு அழைப்பு வந்தது. காலையில் அண்ணை. இணைய நிறுவனத்தை மாற்றியிருக்கிறார்கள், புது ரவுட்டர் வந்திருக்கிறது, தொலைக்காட்சியில் ஒன்றும் வருகுதில்லை. மத்தியானம் அக்கா. டப்லெட்டிலும் வருகுதில்லை, அண்ணைக்குத் தெரியாமல் பார்த்துத் தர முடியுமா. தொலைபேசியில் முயன்றேன். ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் நீளமான கடவுச்சொல்லை அண்ணை வாசிக்க, நான் எழுத, ஓர் எழுத்து பெரியதா சின்னதா என்பதில் குழம்பி இரண்டு பேரும் களைத்துப்போனோம். அடுத்த சனிக்கிழமை நான் நேரே வாறேன் என்றேன்.

நான் போனபோது வீட்டில் அண்ணை மட்டும் இருந்தார். அக்கா எனக்காக மீன் வாங்கப் போயிருந்தார். உள்ளே நுழைந்ததுமே எனக்கு ஏதோ மாறியிருப்பதாகப் பட்டது, ஆனால் என்னவென்று பிடிபடவில்லை. ரவுட்டர் இருக்கும் இடத்தைக் கேட்டு, தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனபோது விளங்கியது. சமையலறை மேசைக்கு முன்னால் ஒரு கதிரையில் சோபாவின் மெத்தைத் தலையணை கிடந்தது. மேசையில் மசாலாப் போத்தல்களுக்குச் சாய்த்து டப்லெட் நிறுத்தியிருந்தது. அதன் மின்கம்பி, அடுப்புக்குப் பக்கத்துச் செருகியிலிருந்து வந்தது. வரவேற்பறைச் சோபாவில் ஒரு பக்கம் மட்டும் குழிந்திருந்தது.

எத்தனையோ வருடமாக நான் அந்த வீட்டுக்குப் போய் வந்திருக்கிறேன். எந்தப் பின்னேரமும் இரண்டு பேரும் கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு அந்தச் சோபாவில் ஒன்றாக இருந்து ஏதாவது பார்ப்பார்கள். பிள்ளை போன பிறகும் அப்படித்தான் இருந்தார்கள். பேசாவிட்டாலும் பக்கத்தில் இருந்தார்கள். அவர்களுக்குள் ஒரு சுவரை எழுப்பியது நான். அதுவும் சுத்தமாக, ஒரு பிழையும் வராமல் எழுப்பியிருந்தேன்.

குற்றவுணர்வோடு வேலை செய்தால் கவனம் இருக்காது. அன்று எனக்கு அதுதான் நடந்தது. புது ரவுட்டரின் பெயரைத் தொலைக்காட்சியில் கொடுத்து இணைத்தேன். செயலி பழைய கணக்கை மறந்துவிட்டிருந்தது. அதை மறுபடி கொடுப்பதற்கு முன், இணைப்பு சரியாக வருகிறதா என்று பார்க்க என்னுடைய சொந்தக் கணக்கைக் கொடுத்தேன். அது எல்லாவற்றையும் பார்க்கும் கணக்கு. திரை திறந்ததும், பாதியில் விட்டதைத் தொடருங்கள் என்று ஒரு வரிசை வந்தது. முதலில் இருந்ததை, என்னவென்று பாராமலே, தொடக்கத்திலிருந்து ஓடும்படி அமத்தினேன். வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. வேகம் போதவில்லையோ என்று ரவுட்டரைப் பார்க்க நடைவழிக்குப் போனேன். அண்ணை தேத்தண்ணீரோடு வரவேற்பறைக்குள் போவது தெரிந்தது.

அப்போது அவனுடைய குரல் கேட்டது.

நான் ஓடி வந்தபோது அண்ணை கோப்பைகளைக் கையில் வைத்தபடியே நின்றார். திரையில் அவன் மேடை ஏறி நின்றான். நான் ரிமோட்டைத் தேடினேன். சோபாவில் இல்லை, மேசையில் இல்லை, என் சட்டைப்பையில் இருந்தது. அண்ணை என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"விடும்," என்றார்.

விட்டேன். அவர் கோப்பைகளை மேசையில் வைத்துவிட்டு, உட்காராமல், திரைக்குக் கிட்டப் போய் நின்றார்.

"சத்தம் பிந்தி வருது," என்றார். "வாய் முதல் அசையுது. பேந்துதான் சத்தம் வருது. உதைச் சரியாக்கேலாதோ?"

உண்மைதான். பழைய கசெட்டுகளில் அது வரும். அமைப்புக்குள் போய்ச் சத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக முன்னுக்குக் கொண்டுவந்தேன். இப்ப, என்று கேட்பேன். இன்னும் கொஞ்சம் என்பார். அவன் திரையில் அசைந்தபடி இருக்க, எங்கள் இரண்டு பேருக்கும் அந்த நேரத்தில் சத்தத்தையும் வாயையும் பொருத்துவதைத் தவிர வேறு வேலை இல்லாததுபோல அதையே செய்துகொண்டிருந்தோம். பொருந்தியதும் அண்ணை சோபாவில் போய் இருந்தார்.

கதவு திறந்த சத்தத்தை நாங்கள் கேட்கவில்லை. அக்கா மேற்சட்டையைக் கூடக் கழற்றாமல், மீன் பையோடு வாசலில் நின்றார். அவருடைய முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. அவன் சொல்லிக்கொண்டிருந்தது நடுவில் நின்றது.

"இதிலதான் மறந்துபோனவன்," என்றார் அண்ணை. யாருக்குச் சொன்னார் என்று தெரியவில்லை.

"மறக்கேல்லை," என்றார் அக்கா. "அவனுக்குச் சிரிப்பு வந்திட்டுது. நீங்கள் முன்னால இருந்து முகத்தைச் சுழிச்சுக் காட்டினனியள்."

"நான் காட்டேல்லை."

"காட்டினனியள்."

அண்ணை என்னைப் பார்த்தார். பின்னுக்கு விடச் சொன்னார். விட்டேன். அவன் மறுபடி ஏறினான், மறுபடி நின்றான், மறுபடி வாயைப் பொத்தினான். சிரிப்பா மறதியா என்று என்னால் சொல்ல முடியவில்லை. அவர்கள் இரண்டு பேரும் ஆளுக்கொரு விதமாகவே சொன்னார்கள். இன்னொருமுறை பின்னுக்கு விடச் சொன்னார்கள். அக்கா மீன் பையோடு சோபாவின் கை வைக்கும் இடத்தில் வந்து இருந்தார். அண்ணை கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார். பிறகு திரையில் என் குரல் அவனைக் கூப்பிட, அவன் திரும்பிப் பார்த்தான். அண்ணை எழுந்து பல்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அவர் மத்தியானச் சாப்பாட்டுக்கு உள்ளே வரவில்லை. அக்கா எனக்கு மட்டும் சோறு போட்டார். மேசையிலிருந்த டப்லெட்டை ஓரமாக எடுத்து வைத்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். சேர்வரில் கோளாறு என்று சொன்னது பொய், அண்ணைதான் எடுக்கச் சொன்னார், இன்றைக்கு நடந்தது நான் கவனிக்காமல் செய்தது. அக்கா குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். கோபம் இருந்ததா என்று தெரியவில்லை. களைப்பு இருந்தது.

"நீ எங்களுக்கு நல்லது செய்யத்தான் நினைக்கிறாய்," என்றார். "ஆனா ஒண்டையும் கேட்டுச் செய்யிறேல்லை. போடேக்கையும் கேக்கேல்லை, எடுக்கேக்கையும் கேக்கேல்லை. அவன் எங்கட பிள்ளை."

இன்னும் கொஞ்சம் மீன் வேண்டுமா என்று அதே மூச்சில் கேட்டார். ஓம் என்றேன்.

போவதற்கு முன் தொலைக்காட்சியில் எந்தக் கணக்கைப் போட்டுவிடுவது என்று அக்காவிடம் கேட்டேன். அண்ணையிடம் கேள் என்றார். அண்ணை உள்ளே வந்து சப்பாத்தைப் போட்டுக்கொண்டிருந்தார், என்னை நிலக்கீழ் ரயில் வரைக்கும் கூட்டிப்போக. அவரிடமும் கேட்டேன். இரண்டையும் போட்டுவிடும் என்றார். யாருக்கு எது வேண்டுமோ அவரவர் எடுக்கட்டும்.

வழியிலிருந்த தமிழ்க்கடையைத் தாண்டியதும், அண்ணை நிற்காமல் நடந்தபடியே சொன்னார்.

"அவள் குசினிக்குள்ள இருந்து பாக்கிறது எனக்குத் தெரியும் தம்பி. முதல் நாளே தெரியும். நான் ரீவிச் சத்தத்தைக் கூட்டி வைக்கிறனான். நான் உள்ள வாறனோ எண்டு பயப்பிடாமப் பாக்கட்டும் எண்டு."

படியில் இறங்கும் இடத்தில் என் தோளைத் தட்டிவிட்டுத் திரும்பி நடந்தார்.

எர்லாங்கன் வரும்வரைக்கும் ரயிலில் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருவரை ஒருவர் நோகடிக்காமல் இருக்க அந்த இரண்டு பேரும் எவ்வளவு பாடுபட்டிருக்கிறார்கள். அவர்கள் ஆறு வருடமாகக் கவனமாக நடந்த வீட்டுக்குள் நான் சப்பாத்துக் காலோடு போய் வந்திருக்கிறேன். போனதால் ஏதோ நல்லது நடந்திருக்கலாம் என்று என் மனைவி சொன்னாள். இருக்கலாம். ஆனால் அது நான் செய்த நல்லது இல்லை. என் கவனக்குறைவை அவர்கள் தாங்கிக்கொண்ட விதம்தான் அது. அப்படியே மோசமாகவும் முடிந்திருக்கும்.

இப்போது அந்த வீட்டில் எப்படி என்று அக்கா ஒருநாள் சொன்னார். சில பின்னேரங்களில் அவர் தொலைக்காட்சியிலேயே அதைப் போடுவாராம். அண்ணை எழுந்து பல்கனிக்குப் போய்விடுவார். ஆனால் கதவைச் சாத்துவதில்லையாம். குளிர் உள்ளே வருகிறது என்று சொன்னாலும் சாத்தமாட்டாராம். அது நல்லதா கெட்டதா என்று நான் கேட்கவில்லை.

சேர்வரை நடத்துபவருக்கான திரையில், இந்த நேரம் யார் என்ன பார்க்கிறார்கள் என்று காட்டும் ஒரு மூலை இருக்கிறது. முன்பெல்லாம் வேலை இடைவேளையில் அதைப் பார்த்துச் சந்தோஷப்படுவேன். அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு அதை அணைத்துவிட்டேன். புதியவை தானாக முகப்பில் வருவதையும் நிறுத்திவிட்டேன். அதை நிறுத்தச் சரி போடும் பெட்டி ஒன்று, முதல் நாளிலிருந்தே அங்கே இருந்திருக்கிறது.

மாற்றாத கசெட்டுகள் இன்னும் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன. இப்போது ஒவ்வொன்றையும் உட்கார்ந்து முழுதாகப் பார்க்கிறேன். யார் யார் வருகிறார்கள் என்று பார்த்து, அந்தந்த வீட்டுக்கு அழைத்துக் கேட்கிறேன். சிலர் ஆசையோடு போடச் சொல்கிறார்கள். பிரிந்துபோன ஒரு தம்பதியரில் மனைவி, வேண்டாம், அதை அழித்துவிடுங்கோ என்றார். கணவரையும் கேட்க வேண்டுமா என்று யோசித்து, இன்னும் முடிவெடுக்க முடியாமல், அந்தக் கசெட்டை அப்படியே மேசையில் வைத்திருக்கிறேன்.